கூட்டம் கூடினால் முட்டையும் கூடுமா?

கத்தரியிலோ வெண்டையிலோ சிலந்திப்பேன் விழுந்துவிட்டால் பலரும் போடும் கணக்கு இதுதான்: நெருக்கம் ஏற ஏற முட்டையும் அதே வேகத்தில் ஏறும், செடி நுனியில் நூலாம்படை கட்டிவிட்டால் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கிறது. உண்மை வேறு. ஒரு பெண் அதிகமாக முட்டையிடுவது, இலை இன்னும் பச்சையாக இருக்கும் ஆரம்ப நாள்களில்தான்.

இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன் பூச்சியல்ல. எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கு உறவான உயிர். பெண்ணின் நீளம் அரை மில்லிமீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இடமும் இளம் இலையும் தாராளமாகக் கிடைத்தால் ஒரு பெண் வாழ்நாளில் நூறு முட்டைக்கு மேலும் இடக்கூடும். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் நரம்போரமாக உருண்டையான, நிறமற்ற முட்டைகளும் உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்களும் தெரியும். அதே இலையில் கூட்டம் சேர்ந்தால் சாறு உறிஞ்சப்பட்டு இலை வெளிறுகிறது. ஒவ்வொரு பெண்ணும் இடும் முட்டை குறைகிறது, இளம் பருவங்கள் வளர நாள் பிடிக்கிறது, பல பாதியிலேயே சாகின்றன. மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு இத்தனை என்ற விகிதம் இறங்குகிறது. கண்ணில் படுவது மொத்தம் மட்டுமே என்பதால் பழைய கணக்கு அசையாமல் நிற்கிறது.

நுனியில் தெரியும் நூலாம்படையும் பெரும்பாலும் புறப்பாட்டின் அடையாளம். நெரிசல் தாங்காமல் மேலேறிய பெண்கள் முன்னங்கால்களைத் தூக்கி நின்று காற்றோடு போகின்றன. இவற்றில் பெரும்பாலானவை இணைசேர்ந்து முடித்த, முட்டையிடத் தொடங்காத இளம் பெண்கள். அவை போய் இறங்கும் புதிய இலையில் நெருக்கம் இல்லை. முட்டையிடும் வேகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே மருந்தடிக்கும் முடிவை நுனியைப் பார்த்து எடுப்பது காலம் கடந்த வேலை. கீழ் இலைகளின் அடிப்பக்கத்தை வாராவாரம் பார்ப்பதே பலன் தரும்.

ஆண் இல்லாவிட்டால் வம்சம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்றதிலிருந்து பெண்ணும் பிறக்கின்றன. தனியே வந்து சேர்ந்த கன்னிப் பெண் முதலில் மகன்களைப் பெற்று, பிறகு மகனோடே இணைசேர்ந்து மகள்களையும் பெற முடியும். ஆண், பெண் விகிதத்தையும் நெருக்கம் மாற்றுகிறது. பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1967இல் தந்த விளக்கம் அழகானது: ஓர் இலையில் ஒரே தாய் என்றால் அவள் மகன்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிடுவார்கள், அதனால் சில மகன்களே போதும், மற்றவை மகள்களாகப் பிறப்பதே லாபம். பல தாய்கள் சேர்ந்தால் அடுத்தவள் மகள்களையும் அடையலாம் என்பதால் மகன்களின் பங்கு உயர்கிறது.

கூட்டம் என்றால் சண்டை என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. கோழி எருவிலும் அழுகும் பொருள்களிலும் வாழும் சங்காசானியா பெர்லெசி என்ற பேனினத்தில் சில ஆண்களுக்கு மூன்றாம் ஜோடிக் கால்கள் தடித்துக் கூராக வளரும். அவற்றால் போட்டி ஆண்களைக் குத்திக் கொல்லும். இந்தச் சண்டைக்காரர்கள் உருவாவது சிறிய கூட்டங்களில்தான். பெரிய கூட்டத்தில் காற்றில் பரவும் வேதிப்பொருள்கள் அந்த உருவம் எழாமல் அடக்கிவிடுகின்றன. சில எதிரிகளைக் கொன்றால் பெண்கள் எல்லாம் தனக்கே. நூறு எதிரிகள் என்றால் கொன்று மாளாது.

தேனீயைத் தாக்கும் வரோவா பேனிடம் கணக்கு இன்னும் நுட்பமானது. மூடிய புழு அறைக்குள் தாய்ப்பேன் முதலில் ஒரு மகனையும், பிறகு சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாக மகள்களையும் பெறுகிறது. ஓர் அறையில் இரண்டு, மூன்று தாய்கள் நுழைந்தால் வாரிசுகள் இரண்டு, மூன்று மடங்காவதில்லை. ஒவ்வொருத்தியின் பங்கும் குறைகிறது. ஆனால் இணைசேர்தல் அந்த அறைக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். ஒற்றைத் தாயின் ஒரே மகன் செத்துவிட்டால் மகள்கள் கருவுறாமலே வெளியேறும். பக்கத்தில் இன்னொரு தாயின் மகன் இருந்தால் அவை தப்பிக்கும்.