தாய்மரம் இல்லாத ஆலமரம்

சிப்பூர், ஹவுரா.

அன்பு மருமகளுக்கு,

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். "இன்டர்நெட் எந்த ஊர்ல இருக்கு மாமா? யாராவது அதை ஆஃப் பண்ணிட்டா என்ன ஆகும்?" நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு நீ இங்கே வந்தபோது தாவரவியல் பூங்காவுக்குப் போனோமே, அந்தப் பெரிய ஆலமரம் நினைவிருக்கிறதா? "அடிமரம் எது மாமா?" என்று விழுது விழுதாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய். அடிமரம் அங்கே இல்லை. 1864-லும் 1867-லும் அடித்த புயல்களில் அது காயப்பட்டது. காயத்தில் பூஞ்சை ஏறி அழுகத் தொடங்கியது. மற்றப் பகுதிக்கும் பரவிவிடுமோ என்று 1925-ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றிக்கொண்டு, தாய்மரம் போன பிறகும் அகன்றுகொண்டே இருக்கிறது.

இணையமும் இப்படித்தான் நிற்கிறது. அதற்கு அடிமரம் கிடையாது.

பழைய தொலைபேசி முறையில் ஊர்க் கம்பிகளெல்லாம் ஒரு நிலையத்தில் வந்து கூடும். அந்த நிலையம் போனால் ஊரே ஊமையாகிவிடும். பால் பேரன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி யோசித்தார். நடுவமே வேண்டாம், மீன்வலை மாதிரி ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகள் பலவற்றோடு இணைந்திருக்கட்டும், செய்தியைத் துண்டு துண்டாக அனுப்புவோம், ஒரு வழி அறுந்தால் துண்டுகள் வேறு வழியில் போகட்டும் என்றார். கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

ஆலமரத்தடியில் உன்னை எடுத்த படத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா? அது 3 எம்பி. முழுப் படமாக அது புறப்படவில்லை. ஒரு பாக்கெட்டில் சுமார் 1,500 பைட்தான் அடங்கும். அதனால் 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்ற இரண்டு முகவரிகளும் வரிசையில் அது எத்தனையாவது என்ற குறிப்பும் இருக்கும். முகவரி என்றால் நம் வீட்டு முகவரி இல்லை. ஐபி முகவரி என்கிற எண்.

வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ரவுட்டர் என்ற கருவி இருக்கிறது. ஹவுராவிலிருந்து புறப்படும் சென்னை மெயில் கரக்பூர் வந்ததும் பாதை பிரியும். தெற்கே திரும்பினால் புவனேஸ்வர், விசாகப்பட்டினம், சென்னை. மேற்கே போனால் நாக்பூர், மும்பை. ரவுட்டரின் வேலை அங்கே தடம் மாற்றும் பாயின்ட்டைத் திருப்புவது போன்றது. முகவரியைப் பார்க்கும், அடுத்த சந்திப்பு எது என்று மட்டும் முடிவு செய்து தள்ளிவிடும். முழுப் பயணமும் எந்த ரவுட்டருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எனக்கு இதில் தீராத வியப்பு. யாருக்கும் முழு வழி தெரியாமலே கோடிக்கணக்கான துண்டுகள் ஊர் போய்ச் சேர்கின்றன.

சேர்ந்த துண்டுகளுக்கு அந்தப் பக்கத்துக் கருவி ரசீது அனுப்பும். ரசீது வராத துண்டை இந்தப் பக்கம் மறுபடி அனுப்பும். முன்பின்னாக வந்தவற்றை வரிசை எண் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974-ல் எழுதி வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பு இதற்கு மாறியது. இதற்குத்தான் டிசிபி/ஐபி என்று பெயர். உன் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், இணையம் என்பது ஓர் ஒப்பந்தம். ஆயிரக்கணக்கான தனித்தனி வலையமைப்புகள், உன் துண்டை நான் வாங்கிக் கடத்துகிறேன், என் துண்டை நீ கடத்து என்று ஒரே விதிக்கு ஒத்துக்கொண்டு நடக்கின்றன.

ரயிலை உவமை சொன்னேன். அந்த உவமை எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 2 அன்று, ஹவுராவில் உள்ள ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலேசுவரம் பக்கத்தில் தவறான சிக்னலால் வேறு தடத்துக்குள் நுழைந்து சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொலைந்த பாக்கெட்டுக்குப் பதில் இன்னொரு பிரதி போகும். தொலைந்த மனிதருக்குப் பிரதி இல்லை. ஆகவே இந்த உவமையைப் பாதை புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்.

துண்டுகள் போகும் பாதை எங்கே இருக்கிறது? வானத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாகப் போவது மிகச் சிறிய பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கண்ணாடி இழையில், ஒளியாகப் போகிறது. ரயில்டெல் என்ற அரசு நிறுவனம் தண்டவாளங்களை ஒட்டியே 60,000 கிலோமீட்டருக்கு மேல் இந்த இழையைப் பதித்திருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஹவுராவிலிருந்து சென்னைக்கு சுமார் 1,660 கிலோமீட்டர். மெயில் வண்டிக்கு ஒரு நாளுக்கும் மேல் பிடிக்கும் அந்தத் தூரத்தை ஒளி நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். வெளிநாட்டுக்குப் போகும் இழைகள் இந்தியாவில் முக்கியமாக மும்பையிலும் உங்கள் சென்னையிலும் கரையேறுகின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கேபிள் 2002-லேயே போடப்பட்டது.

"யாராவது ஆஃப் பண்ணிட்டா?" என்பது உன் இரண்டாவது கேள்வி. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸப்பும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஒன்றாக நின்றன. பராமரிப்பு வேலையின்போது போன ஒரு தவறான கட்டளை, மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் கணினிகளை இணையத்திலிருந்தே துண்டித்துவிட்டது. மீண்டும் வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. "நெட் போச்சு" என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள். நெட் போகவில்லை. மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது, மற்ற தளங்கள் திறந்தன. நான் இப்படி ஒரு செயலி வழியாக அனுப்பிய படமும் நேராக உன்னிடம் வரவில்லை. செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் வந்தது. அடிமரம் இல்லாமல் வளர்ந்த ஒன்றில் நாமே இரண்டு மூன்று அடிமரங்களை நட்டு, எல்லாவற்றையும் அவற்றில் கட்டிவைத்திருக்கிறோம். இது நல்லதில்லை என்பது என் முடிவு.

இன்னொரு பலவீனமும் உண்டு. அதை நான் 2020 மே 20 அன்று பார்த்தேன். ஆம்பன் புயல் அடித்த இரவு அது. எங்கள் தெருவில் மரங்கள் மின்கம்பங்களோடு சாய்ந்தன. ஆறு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த பிறகும் ஐந்து நாள் இணையம் இல்லை. உலகெங்கும் வலை பின்னிக் கிடந்தது, ஆனால் தெருமுனைப் பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே இழை. அது அறுந்தால் சுற்றிப் போக வழியில்லை. பதினோராம் நாள் கேபிள்காரர் ஏணியோடு வந்தார். தலைமுடி அளவே உள்ள இரண்டு கண்ணாடி முனைகளைச் சீவி, ஒரு சின்ன இயந்திரத்துக்குள் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டினார். அடுத்த நிமிடம் உன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். செர்ஃபையும் கானையும் பற்றிப் படிக்கும்போது அந்த ஏணிக்காரரையும் சேர்த்து நினைத்துக்கொள்.

அதே புயலில் ஆலமரத்திலும் சில விழுதுகள் முறிந்தன. மரம் நின்றது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டு மோடத்திலிருந்து தொடங்கி, அந்த ஒயர் எந்தக் கம்பத்துக்குப் போகிறது, அங்கிருந்து எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று தெருமுனை வரை நடந்து பார். கண்ணுக்குத் தெரிகிற வரை ஒரு படம் வரைந்து எனக்கு அனுப்பு. தபாலில் அனுப்பினாலும் சரிதான்.

அன்புடன்,
உன் மாமா