அகதியும் கதியும்

மொழியியல் வகுப்பில் 'அகதி' என்னும் சொல்லைப் பற்றிக் கட்டுரை படைக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "இது வடசொல், இழிவாகவும் ஒலிக்கிறது. 'ஏதிலி' என்பதையே நாம் வழங்க வேண்டும்" என்று உறுதியாகச் சொல்லி முடித்தேன். விரிவுரையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தச் சொல்லால் அழைக்கப்படும் ஒருவரையாவது அறிந்துகொண்டீர்களா?" என்னிடம் விடையில்லை. பின்னர் தேடிப் படித்ததை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கதி' என்பதன் அடிப்படைப் பொருள் செல்லுதல். அதிலிருந்து வேகம், வழி, நிலை, புகலிடம் எனப் பல பொருள்கள் கிளைத்தன. குதிரையின் நடையும் கதி. தாளத்தின் நடையும் கதி. 'நீயே கதி' என்னும்போது அது புகலிடம். முன்னிற்கும் 'அ' இன்மையைக் குறிப்பதால், அகதி என்றால் புகலற்றவர். 'ஏதிலி'யை ஏதும் இல்லாதவர் என்று இன்று கொள்கிறோம். இரண்டு சொற்களுமே ஒருவரை அவரிடம் இல்லாததைக் கொண்டுதான் அழைக்கின்றன.

இனி ஆளைப் பார்ப்போம். குவோர் மரியால் இன்றைய தென் சூடானில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது சிறுவனாகவே பிடித்துச் செல்லப்பட்டுக் கட்டாய வேலைக்கு ஆளானார். அங்கிருந்து தப்பி ஓடினார். ஓட்டம் அவருக்கு முதலில் விளையாட்டன்று. உயிர் பிழைக்கும் வழி. போர்க்காலத்தில் உறவினர் 28 பேரை இழந்த அவர், எகிப்து வழியாக 2001இல் அமெரிக்கா சென்று சேர்ந்தார். 2011 அக்டோபரில் தமது முதல் மாரத்தானை 2 மணி 14 நிமிடம் 32 விநாடியில் ஓடி, ஒலிம்பிக் தகுதி நேரத்தை எட்டினார்.

ஆனால் எந்த நாட்டுக்காக ஓடுவது? அமெரிக்கக் குடியுரிமை அவருக்கு அப்போது இல்லை. 2011 ஜூலையில் விடுதலை பெற்ற தென் சூடானுக்கு ஒலிம்பிக் மன்றம் அமையவில்லை. சூடான் அணியில் இடம் தர முன்வந்தார்கள். தம் மக்கள் மாண்டதற்குக் காரணமான நாட்டின் கொடியை ஏந்துவது மாண்டவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று அவர் மறுத்தார். இறுதியில் ஒலிம்பிக் கொடியின்கீழ் ஓட அனுமதி கிடைத்தது. 2012இல் லண்டனில் 2 மணி 19 நிமிடம் 32 விநாடியில் ஓடி 47ஆவதாக வந்தார்.

இந்த இடத்தில்தான் என் கட்டுரையின் குறை எனக்குப் புரிந்தது. ஏதும் இல்லாதவர் என்று நான் பெயரிட்டவரிடம், வேண்டாம் என்று மறுக்கும் துணிவு இருந்தது. கதியற்றவர் என்று சொல் கூறியது. அவரோ தம் கால்களின் கதியாலேயே வாழ்ந்தார்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஏதிலியர் அணி முதன்முறையாகக் களமிறங்கியது. அதன் 10 பேரில் ஐவர், கென்யாவின் காக்குமா முகாமில் வாழ்ந்த தென் சூடான் ஓட்டக்காரர்கள். அவர்களுள் ஒருவரான ரோஸ் லோக்கோன்யென் அணியின் கொடியை ஏந்தினார். அதே தொடக்க விழாவில், முதன்முறையாகப் பங்கேற்ற தென் சூடானின் கொடியை ஏந்தி வந்தவர் குவோர்.

இன்றும் நான் 'ஏதிலி' என்றே எழுதுகிறேன். ஆயினும் சொல்லை மாற்றியதோடு கடமை முடிந்ததாக எண்ணுவதில்லை. முடிந்தவரை அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு பெயரையும் எழுதிவிடுகிறேன்.