பவர் போட்ட மாஸ்க்

இலங்கைத்துறை முகத்துவாரம்
பங்குனி மாதம்

அன்பு மருமகனுக்கு,

நிலாவெளியில் சுழியோட்ட வழிகாட்டியாகச் சேரப் போகிறாய் என்று அக்கா சொன்னா. எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் நீ கண்ணாடி போடுகிறவன் என்பதை அங்கே சொல்லவில்லையாம், வேலை தரமாட்டார்கள் என்று பயமாம். அந்தப் பயத்தை விடு. பார்வைக் குறைவு உள்ள எத்தனையோ பேர் உலகமெங்கும் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். குறைவை மறைத்துக்கொண்டு இறங்குவதுதான் ஆபத்து.

உனக்கு மைனஸ் 3.5. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு அடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருட்கள் கால் பங்கு கிட்டவாகவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். மைனஸ் 1 உள்ளவன் அதை வைத்துச் சமாளித்துவிடுவான். உன்னால் முடியாது. புறாமலைப் பக்கம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று வை. கடைசியில் வருகிறவன் கையை ஆட்டினால், அது "சரி" என்கிறானா, "காற்று முடிகிறது" என்கிறானா என்பது உனக்கு உடனே தெரிய வேண்டும். பவளப் பாறையில் கை ஊன்றப் போகிறவனுக்கு, அங்கே கல்லோடு கல்லாய்க் கிடக்கும் நச்சு மீனை முதலில் கண்டு சொல்ல வேண்டியவன் நீ. கோணேசர் மலையடியில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் கோயில் இடிபாடுகளைக் கண்டார்களே, அந்த இடத்தைக் காட்டச் சொல்லியும் வருவார்கள். பாசி படிந்த தூணையும் வெறும் பாறையையும் பிரித்தறியக் கண் வேண்டும்.

தாய்லாந்துக் கரையில் மோக்கன் என்ற கடல் மக்களின் பிள்ளைகள் மாஸ்க் இல்லாமலே தண்ணீருக்குள் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். கண்மணியை நன்றாகச் சுருக்குவது அதற்கு ஒரு காரணம் என்று சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் எழுதினார். ஆனால் அது கிட்டப்பார்வைக்கு மருந்தாகாது.

கண்ணாடியின் மேலேயே மாஸ்க்கைப் போடலாமா என்று நினைக்காதே. காதுக்குப் போகும் தண்டு சிலிக்கன் விளிம்பைத் தூக்கிவிடும், தண்ணீர் வரும். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் உண்டு. கட்டாயம் போட வேண்டி வந்தால், ஒரு நாள் போட்டு எறிகிற மென்மையான வகை மட்டும். கடினமான லென்ஸுக்கு அடியில், மேலே ஏறி வரும்போது காற்றுக் குமிழி சிக்கி, கண் எரிந்து பார்வை மங்கும். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் எந்த லென்ஸும் மிதந்து போகலாம். அதைவிடப் பெரிய பயம் கிருமி. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியையே தின்றுவிடும். நாள் முழுக்கக் கடலில் நிற்கிற உனக்கு இது சரிவராது.

லேசர் செய்ய வேண்டும் என்று துடிக்கிறாயாம். உன் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அது நிலைத்து நிற்கட்டும். செய்தாலும் குறைந்தது ஒரு மாதம் கடலுக்கு இறங்கக்கூடாது. சீசன் சித்திரையில் தொடங்குகிறதே, இந்த வருசம் அது வேண்டாம்.

நான் சொல்வது பவர் போட்ட மாஸ்க்கைத்தான். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க் என்றால், அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அரை அரையாக ஏறும் ஆயத்தப் பவர்க் கண்ணாடியைப் போடலாம். விலையும் குறைவு. ஆனால் உன் இடது கண்ணில் அஸ்டிக்மட்டிசம் இருக்கிறது, ஆயத்தக் கண்ணாடி அதைத் திருத்தாது. உன் அளவுக்கே வெட்டிய லென்ஸை மாஸ்க் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டித் தருவார்கள். அதுதான் உனக்கு. ஒன்றல்ல, இரண்டு செய். கடலில் ஒன்று கைவிட்டுப் போனால் மற்றது படகில் இருக்க வேண்டும். உன் சாதாரணக் கண்ணாடியையும் பெட்டியில் போட்டுப் படகிலேயே வை.

வரும் கிழமை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போ. சுழியோடப் போகிறேன் என்று டொக்டரிடம் சொல்லி, விழித்திரையையும் பார்க்கச் சொல். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் துண்டில் எழுதி வாங்கு, ஒட்டுகிறவர் கட்டாயம் கேட்பார். துண்டின் படத்தை எனக்கு அனுப்பு. கொழும்பில் செய்விக்கிற செலவு என்னுடையது. அதற்கு முன் முதலாளியிடம் போய், கண்ணாடி போடுகிறவன் என்று நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா