கல் சொன்ன சாட்சி

கொள்ளிடத்தின் வடபால், வீராணம் ஏரியை அடுத்துக் காட்டுமன்னார்கோயில் என்னும் ஊர் உள்ளது. முதற் பராந்தக சோழனின் சிறப்புப் பெயரான வீரநாராயணன் என்பதே ஏரிக்கும் ஊருக்கும் சூட்டப்பட்டது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது அவ்வூரின் பழம்பெயர். அதன் ஒரு பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கின்றது. அக்கோயிலின் கற்சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஓர் அரசியற் கொலைக்குரிய சாட்சி பொறிக்கப்பட்டுள்ளது.

கொலையுண்டவன் இரண்டாம் ஆதித்த கரிகாலன். அவன் சுந்தர சோழனின் மூத்த மகன். குந்தவைக்கும் அருண்மொழிவர்மனுக்கும் உடன்பிறந்தவன். இளமையிலேயே வீரபாண்டியனைப் போரில் வென்று, ‘பாண்டியன் தலைகொண்டவன்’ என்று புகழப்பெற்றான். தந்தைக்குப்பின் அரியணை ஏறவேண்டிய அவ்வீரன் 969ஆம் ஆண்டளவில் மறைந்தான். சில ஆண்டுகளுக்குள் சுந்தர சோழனும் உயிர் நீத்தான். அதன்பின் நாட்டை ஆண்டவன், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் மகனான உத்தம சோழன். 985ஆம் ஆண்டிலேதான் அருண்மொழிவர்மன் இராசராசன் என்னும் பெயருடன் முடிசூடினான்.

ஆதித்தன் எவ்வாறு இறந்தான்? திருவாலங்காட்டுச் செப்பேடு, அவன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் சென்றான் என்று கவிநயத்துடன் கூறி அமைகின்றது. உண்மையை வெளிப்படுத்தியது உடையார்குடிக் கல்வெட்டே. முதல் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், 1920இல் கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் அதனை ஆராய்ந்து, ‘எபிகிராபியா இந்திகா’வின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

அக்கல்வெட்டில் ஆண்ட மன்னனின் இயற்பெயர் இல்லை. ‘இராசகேசரிவர்மனின் இரண்டாம் ஆண்டு’ என்று மட்டுமே உள்ளது. அம்மன்னன் யாவன் என்பதை எவ்வாறு அறிவது? சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைவது மரபு. சுந்தர சோழன் இராசகேசரி. எனினும் அவனது இரண்டாம் ஆண்டில் ஆதித்தன் உயிருடன் இருந்தான். உத்தம சோழனோ பரகேசரி. அவனுக்குப்பின் வந்த இராசகேசரி இராசராசனே. ஆகவே, இக்கல்வெட்டின் காலம் ஏறத்தாழ 987 என்பது உறுதியாயிற்று.

கல்வெட்டுக் கூறும் செய்தி யாது? கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோர். அவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்க்கும் உரிய நிலங்களைப் பறிமுதல் செய்து விற்குமாறு, ஊர்ச் சபைக்கு அரசன் திருமுகம் அனுப்பினான். பிரமாதிராசன் என்பது அரசன் உயர் அலுவலர்க்கு வழங்கும் பட்டம். எனவே, கொலையாளிகள் வழிப்பறிக் கள்வர் அல்லர். அரசின் பதவியும் சிறப்பும் பெற்றவர் என்பது புலனாகின்றது. எனினும், கொலை எங்கே நடந்தது, எவர் ஏவினார், காரணம் யாது என்பவற்றைக் கல்வெட்டுக் கூறவில்லை.

இங்கேதான் ஐயம் பிறந்தது. கொலைக்கும் இவ்வாணைக்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிந்தன. அவற்றுட் பெரும்பகுதி உத்தம சோழனின் ஆட்சிக் காலம். மேலும், தன் சிற்றப்பன் அரசை விரும்பியதால் அருண்மொழிவர்மன் அதனை ஏலாது ஒதுங்கினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. இவற்றை இணைத்துப் பார்த்த நீலகண்ட சாத்திரியார், உத்தம சோழனுக்கும் இச்சதியில் பங்கு இருக்கலாம் எனக் கருதினார்.

கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்திற் பிறந்த அறிஞர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இக்கருத்தை ஏற்கவில்லை. உத்தம சோழனின் அன்னையாகிய செம்பியன் மாதேவியார், இராசராசன் ஆட்சியிலும் பெருமதிப்புடன் வாழ்ந்து கோயில் திருப்பணிகள் புரிந்தார். உத்தம சோழனுக்குரிய மதுராந்தகன் என்னும் பெயரையே இராசராசனின் மைந்தன் இராசேந்திரனும் இளமையிற் பெற்றிருந்தான். தமையனைக் கொல்வித்தவன் குடும்பத்தை ஒருவன் இவ்வாறு போற்றுவானோ? மேலும், நிலங்கள் விற்கப்பட்டதையே கல்வெட்டுக் கூறுகின்றது. குற்றவாளிகள் அதற்கு முன்பு தண்டிக்கப்படவில்லை என்று அது கூறவில்லை. இதனைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். வீரபாண்டியனைக் கொன்றதற்குப் பழிவாங்கவே இக்கொலை நிகழ்ந்தது என்பாரும் உளர். ஆயினும், அதற்கும் ஐயமற்ற சான்று இல்லை.

கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் இரவிதாசனை உயிருடன் நடமாட விட்டார். கல்வெட்டு நிறுத்திய இடத்திலிருந்து கதையை வளர்க்கப் புதின ஆசிரியனுக்கு உரிமை உண்டு. வரலாற்று ஆசிரியனுக்கு அவ்வுரிமை இல்லை. குற்றஞ் சாட்டப்பட்டவன் உயிருடன் இருந்தால் எழுந்து மறுமொழி கூறுவான். இறந்தவன் கூற இயலாது. ஆதலின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவனாயினும், அவன்மீது பழி சுமத்துமுன் சான்று வேண்டும். ஐயம் ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்கலாம், தீர்ப்பாக மாறலாகாது. கல் சொன்னதை ஏற்பதும், அது சொல்லாததைச் சொல்லாமல் விடுவதும் உண்மையை நாடுவோர்க்கு உரிய நேர்மையாகும்.