துருப்பிடித்த சைலன்சருக்கு விலை சொல்லும் முன்

பட்டறை வாசலில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி வீடெக் வந்து நிற்கிறது. 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். 2003 வரை விற்ற அந்த மாடலை ஓட்டும் சுகத்துக்காகவே வாங்கியவர்கள் பலர். இன்றும் வைத்திருப்பவர் அதை விற்க மனம் வராதவர். “தம்பி, பின்னாடி சைலன்சர் ஓட்டை விழுந்துடுச்சு. மாத்த எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறார்.

சொந்தப் பட்டறை போட்டு ஓராண்டு ஆகாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சாமான் விலையோடு அரை நாள் கூலியைக் கூட்டி ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். மறுநாள் மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று சிலிண்டர் ஹெட்டோடு முறிந்து நின்றது. அரை நாள் வேலை ஐந்து நாள் இழுத்தது. கூலியும் போனது, அந்த வாடிக்கையாளரும் திரும்பி வரவில்லை. இந்த வேலையில் லாபமும் பெயரும் முதல் நட்டைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. அதனால் விலை கேட்டால், “வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

பார்க்கும்போது முதலில் துரு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், வீடு திரும்பும் வண்டியில் அது குளிர்ந்து சைலன்சருக்குள்ளேயே தேங்கும். கடைசிச் சைலன்சர்தான் வரிசையில் அதிகம் குளிர்ந்த இடம் என்பதால் அது முதலில், உள்ளிருந்து, அரிக்கும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், அழுத்தினால் தகடு உள்ளே போகும்.

கடற்கரையை ஒட்டிய வண்டியின் கதை வேறு. திருவான்மியூரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நிற்கும் வண்டியை உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். குழாயைவிட நட், போல்ட், ஹேங்கர் கம்பி, வெப்பத் தடுப்புத் தகடு ஆகியவை முன்னதாகப் போகும். இரண்டு துருவுக்கும் மதிப்பீடு ஒன்றாகாது. உள்ளிருந்து அரித்ததென்றால் பின்சைலன்சரோடு முடியலாம். வெளியிலிருந்து அரித்ததென்றால் கழற்றுவதே பெரிய வேலை. எது என்பதைப் படம் பிடித்துக் காட்டி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். காரணத்தைப் புரிந்துகொண்டவர் தொகையைப் பார்த்துச் சண்டை போடுவது குறைவு.

மதிப்பீட்டை மூன்று வரியாக எழுதுங்கள்: சாமான், கூலி, முறிந்தால் ஆகக்கூடியது. அந்த மூன்றாவது வரிதான் உங்களைக் காப்பாற்றும். “ஸ்டட் முறிந்தால் எடுக்க இவ்வளவு, இன்னும் ஒரு நாள்” என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

கழற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை வேலைக்கு முந்திய இரண்டு மாலையும் அடித்து ஊற விடுங்கள். ஊறிய நட்டை எடுத்தவுடன் தளர்த்தாமல், முதலில் இம்மியளவு இறுக்கித் துருப் பிடிப்பை உடைத்து, பிறகு தளர்த்துங்கள். கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அசையவில்லையென்றால் நட்டை மட்டும் கேஸ் கட்டரால் செவ்வொளி வரும்வரை சூடேற்றினால், அது விரிந்து இடம் கொடுக்கும். பழைய குழாய் எப்படியும் காயலான் கடைக்குத்தான் போகிறது. அதைக் காப்பாற்ற மெனக்கெடாமல் கிரைண்டரால் அறுத்து இறக்குங்கள். அரை மணி நேரம் மிச்சம்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டட் முறிந்தால் பதற வேண்டாம். பலர் உடனே அதில் துளை போட்டு ஈஸி-அவுட்டைத் திருகுகிறார்கள். அது கடினமான எஃகு. உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. அலுமினிய ஹெட்டில் இந்த விபரீதம் நேர்ந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். நான் கண்ட நல்ல வழி, முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போடுவது. பிடிக்க ஸ்பேனருக்குத் தலை கிடைக்கிறது. வெல்டிங் சூடே துருவையும் இளக்குகிறது. ஆற விட்டு மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். அதைவிட முக்கியமாக, பின்சைலன்சர் மட்டும் போயிருந்தால் மேனிஃபோல்டைத் தொடவே தொடாதீர்கள். நன்றாக இருக்கும் ஸ்டட்டைச் சும்மா விடுவதும் தொழில்தான்.

ஆக்சிஜன் சென்சரை எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, ஒயருக்கு வெட்டு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் எடுங்கள். திரும்பப் போடும்போது, மரை இறுகிப்போகாமல் காக்கும் பசையை மரையில் மட்டும் தடவுங்கள். நுனியில் படக் கூடாது. சென்சருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சர் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறைகிறது என்று வரும் சில வண்டிகளின் உண்மையான நோய் ஒரு கேஸ்கட்தான்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பெட்ரோல் டேங்கும் அதன் குழாய்களும் சைலன்சருக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் போட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி சாமான். கடையில் ‘எஸ்எஸ்’, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று கேட்டால் இரண்டு வகை வரும். 409 வகையில் குரோமியம் ஏறக்குறைய 11 சதவீதம், காந்தம் ஒட்டும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும் வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். கடற்கரை வண்டிக்கு 304 போட்டால் பணத்துக்கு மதிப்பு உண்டு. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அலுமினியம் பூசிய எஃகே போதும். அதற்கு மேல் செலவழிக்க வைப்பது நியாயமில்லை.

வேகக் கார் வைத்திருப்பவர் அகலக் குழாய் கேட்பார். 106 குதிரைத்திறனுக்கு அளவுக்கு மீறி அகலம் போட்டால் புகையின் வேகம் குறைந்து, ஊரில் ஓட்டும் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும்; சத்தம்தான் மிஞ்சும். கம்பெனி அளவையே பிடியுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளைக் குடைந்து எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-லேயே அது கட்டாயமானது. காற்று, ஒலி மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்சி புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது உரிமையாளர். பெயர் கெடுவது உங்களுக்கு.

மாட்டும்போது எதையும் உடனே இறுக்காதீர்கள். முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, அடித்தளத்திலும் ஆக்ஸிலிலும் இடிக்காத இடைவெளி பார்த்து, பிறகு முன்னிருந்தே இறுக்கி வாருங்கள். இரண்டரை மீட்டர் 304 குழாய் சூடேறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். அந்த இடம் விடாமல் இறுக்கினால் ஹேங்கர் ரப்பர் கிழியும், வெல்டிங் விரியும். ஹேங்கர் ரப்பரையும் கேஸ்கட்டையும் புதிதாகவே போடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு ஆண்டுப் படிப்பு, வெல்டர் ஓராண்டு. முதலாவதை முடித்தவர்கள் இரண்டாவதன் வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயை உள்ளே கசடு விழாமல் ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டத் தெரிந்தவரைத் தேடிப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர்களும் வருவார்கள். வாரத்தில் ஒரு நாள் வீணாய்ப்போன குழாய்த் துண்டுகளில் கை பழகுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயம் நடக்கும் நாளில் போய், பிட்டில் வேலை செய்பவர்களின் வெல்டிங்கைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய வேகக் கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு வண்டியைச் சுத்தமாக முடித்தால் அடுத்தது தானாக வரும்.

வண்டியை ஒப்படைக்கும்போது, நனைத்த துணியால் டெயில் பைப்பை ஒரு நொடி அடைத்து, எங்கும் சீறல் இல்லை என்று அவர் காதாலேயே கேட்க வையுங்கள். அறுத்த பழைய சைலன்சரைக் காட்டுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் போன் செய்து, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஆறிய நிலையில் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிக் கொடுங்கள். இதற்கு மட்டும் காசு வாங்க வேண்டாம்.