பிஞ்சு மனசில் பட்ட அடியும் அரசாங்கத்தின் மருந்தும்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்)



எங்கள் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு குழந்தை ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்தாலோ, சோறு இறங்காமல் வாடினாலோ "பயந்த கோளாறு" என்று சொல்வார்கள். பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இல்லாவிட்டால் கோயில் விபூதி. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது உண்டு. ஆனால் மருத்துவர்கள் இன்றைக்கு "டிராமா" என்று சொல்லும் விஷயத்தை, அதாவது குழந்தையின் மனசில் பட்ட காயம் உடம்பில் தெரியும் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாக்கள் ஒரு பெயர் வைத்துத் தெரிந்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அதனால் இந்த இரண்டு பேச்சும் எனக்குக் காதில் விழுகிறது.

காயம் என்றால் என்ன? நம்ம பாடத்தை வைத்தே சொல்கிறேன். இரண்டு தகட்டை வெல்டிங் அடித்து ஆற விட்டால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் தங்கியிருக்கும். பாரம் ஏறி ஏறி இறங்கும்போது ஒருநாள் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். குழந்தைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆபத்து வந்தால் உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புகள் ஏறும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் அது தணிய வேண்டும். அடியும் பயமும் இழப்பும் தொடர்ந்து வந்தால், பக்கத்தில் அணைத்துக்கொள்ளப் பெரியவர் யாரும் இல்லையென்றால், அந்த அபாயமணி அணையாமல் அடித்துக்கொண்டே இருக்கும். படுக்கையில் சிறுநீர், காரணமில்லாத வயிற்றுவலி, திடீர்க் கோபம், மார்க் குறைவது எல்லாம் அதன் ஓசைதான். "படிக்காத பய" என்று வாத்தியார் குட்டுகிற பையன்களில் எத்தனை பேர் இந்த மணியோடு உட்கார்ந்திருக்கிறானோ!

ஆனால் மனுஷன் இரும்பு இல்லை. இரும்புக்கு உலை வேண்டும், குழந்தைக்கு நம்பிக்கையான ஒரு ஆள் போதும் என்பதும் ஆராய்ச்சி சொல்லும் செய்திதான்.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் "சின்ன வயதில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடிகாரர், அம்மாவை அப்பா அடிப்பது போன்றவற்றைக் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் குடிப்பழக்கம், மனச்சோர்வு, இருதய நோய் எல்லாம் கூடியிருந்ததை 1998-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதைக்கு ஆளானதாக அதில் வந்தது. 2012-ல் போக்சோ சட்டம் வருவதற்கு முன்னால் இந்த அறிக்கை பலரையும் உலுக்கியது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாம் யாரும் பிறக்கவில்லை. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலோரம் முழுக்க அலை வாரிக்கொண்டு போனது. கடலுக்கும் எங்க ஊருக்கும் நடுவில் சிதம்பரம் இருக்கிறது, அதனால் தண்ணி வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள் என்று ஆயா சொல்லும். "சோத்தக் குடுத்தா கையில வாங்கிக்கிட்டு அப்டியே பாத்துக்கிட்டு நிப்பாளுவோ, ஒரு பொட்டப்புள்ள சொம்புல தண்ணி ஊத்துற சத்தத்துக்கே காத பொத்திக்கிச்சு" என்று இன்றைக்கும் சொல்லும்போது அதற்குக் குரல் இறங்கிவிடும்.

அப்போது தமிழ்நாடு அரசு சில காரியங்களை நன்றாகவே செய்தது. அநாதையான குழந்தைகளை யாரும் அவசரத்தில் தத்தெடுத்துத் தூக்கிப்போய்விடாமல் தடுத்தது. நாகப்பட்டினத்திலும் நம் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் தனி இல்லங்கள் திறந்தது. குழந்தையின் பெயரில் வைப்புத் தொகை போட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து மனநலக் குழுக்கள் வந்து, ஆசிரியர்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்தன. மாத்திரை கொடுப்பதைவிட, படம் வரையவிட்டு, விளையாடவிட்டு, பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் திறந்து, பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பதுதான் அந்த முறை. பக்கத்தில் உள்ளவரையே பழக்கி உதவ வைப்பது என்ற அந்த யோசனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நூறு டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாமே!

அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீவிபத்து. 94 பிள்ளைகள் போனார்கள். பேரிடருக்குப் பின்னால் மனசுக்கும் வைத்தியம் வேண்டும் என்று தமிழ்நாடு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கற்றுக்கொண்டது.

சட்டங்களும் ஒவ்வொன்றாக வந்தன. பள்ளியில் அடிக்கக்கூடாது என்று தமிழ்நாடு கல்வி விதியில் 2003-லேயே திருத்தம் வந்துவிட்டது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. (பிரம்பு போய்விட்டது, வாய் போகவில்லை!) 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. 2021-ல் தமிழ்நாடு தனக்கென ஒரு குழந்தைகள் கொள்கையே வெளியிட்டது. ஆபத்தில் உள்ள குழந்தைக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் டெலி-மானஸ் 14416.

கொரோனா வந்தபோது சுனாமிப் பாடம் திரும்பியது. 2021 மே மாதம், தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம், ஒருவரை இழந்தால் 3 லட்சம், உறவினர் வளர்த்தால் 18 வயது வரை மாதம் 3,000 என்று தமிழக அரசு அறிவித்தது. மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் இருவரையும் இழந்தவருக்கு 23 வயதில் 10 லட்சம். பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பணம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை செங்கல் சூளைக்குத்தான் போகும்.

என்றாலும் எனக்கு இதில் இரண்டு குறை தெரிகிறது.

ஒன்று, அரசாங்கத்தின் கண்ணுக்குத் தேதி உள்ள துயரம் மட்டும்தான் தெரிகிறது. அலை வந்த நாள் கெஸட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவின் முடியைப் பிடிப்பதற்கு எந்தத் தேதி போடுவது? நிவாரணப் பட்டியலில் அது எந்த வரிசையில் வரும்? அமெரிக்க டாக்டர்கள் எண்ணியது பெரும்பாலும் இந்தத் தினசரிக் காயங்களைத்தான். நம் தெருவில் சுனாமியைவிட இது அதிகம்.

இன்னொன்று, தூரம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனையை நம்பித்தான் ஓடுகிறது. கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் போய் பஸ் மாறிக் கடலூர் போய்வர ஒரு பகல் வேண்டும். நடவுக்குப் போகிற தாய்க்கு அது ஒருநாள் கூலி. பிள்ளைக்கு ஒருமுறை போதாது, பலமுறை கூட்டிப்போக வேண்டும். இரண்டாவது தடவையே யாரும் போவதில்லை. 2015 நவம்பர் வெள்ளத்தில் வீடு இடிந்ததை நேரில் பார்த்த எங்கள் தெருப் பையன், மழை வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவனுக்குக் கிடைத்தது மந்திரித்த கயிறும், அவன் அத்தையின் மடியும்தான். அத்தை மடிதான் அவனைத் தேற்றியது என்பது என் அபிப்பிராயம்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை என்ற சொல் சட்டத்தில் 18-ல் முடிகிறது. அநேகமாக எல்லாத் திட்டமும் அந்தப் பிறந்தநாளில் கையை விட்டுவிடும். நம் வகுப்பில் பலருக்கு இந்த வருஷம்தான் 18. இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் 2015 சட்டத்தின் 46-ஆம் பிரிவில் "பின்காப்பு" என்று ஒன்று உண்டு. 18 தாண்டி வெளியே வருபவருக்குப் பண உதவி செய்யலாம், பொதுவாக 21 வயது வரை. கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். இது தெரியாமல் டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வண்டி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் ஒரு அங்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் கடலூருக்குப் போக வேண்டியதில்லை, அவர்களை இங்கே வரச்சொல்லிக் கேட்கலாம். மாதம் ஒரு நாள், ஒரு அறை, கதவு சாத்தினால் வெளியே கேட்காத அறையாக இருக்கட்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.