‘ஆர்’, ‘அண்ட்’, ‘அன்லெஸ்’: படிவத்தில் வரும் சிறு சொற்கள்

தில்லி ஆர்.கே.புரத்தில், மலை மந்திர் என்று வழங்கும் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அங்குள்ள வங்கிக் கிளைகளில் படிவங்கள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே கிடைக்கும். பணி ஓய்வுத் தொகையைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் நிலை வைப்பாக வைக்க வரும் தமிழர் ஒருவர், அப்படிவத்தின் நீண்ட சொற்களைவிடச் சிறிய சொற்களையே கூர்ந்து படித்தல் நலம்.

‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஐதர்’ என்னும் சொல்லுக்கு இணை ‘ஆர்’. ‘கணவரோ மனைவியோ’ என்று நாம் ஓகாரத்தால் உணர்த்தும் பொருள் அதுவே. ‘போத்’ என்பதற்கு இணை ‘அண்ட்’. அது ‘கணவரும் மனைவியும்’ என்னும் உம்மை. இவ்விரண்டையும் கலந்து ‘போத் ஆர்’ என்று எழுதுவது பிழை. முன்னதில் ஒருவர் கையொப்பம் போதும். ‘ஜாயின்ட்லி’ என்று குறித்த கணக்கிலோ இருவரும் கையொப்பமிட வேண்டும்.

‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்பதில் ‘ஃபார்மர்’ உழவர் அல்லர். முதலில் பெயர் குறிக்கப்பட்டவர். இங்கும் ‘ஆர்’ உண்டு. ஆயினும் முதலாமவர் வாழும்வரை இரண்டாமவர் பணம் எடுக்க இயலாது. அவசரச் செலவு நேரும் நாளில்தான் பலருக்கு இவ்வேறுபாடு தெரியவருகிறது.

‘ஐதர் ஆர் சர்வைவர்’ வைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. முதிர்வு நாளில் ஒருவர் கையொப்பம் போதுமெனினும், முதிர்வுக்கு முன்னர் பணம் பெற இருவர் கையொப்பமும் தேவைப்படலாம். ஒருவர் மறைந்தபின் மற்றவர் முன்கூட்டியே பணம் பெற வேண்டுமானால், அதற்கான கூட்டு ஒப்புதலை இருவரும் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருத்தல் வேண்டும். இல்லையெனில் மறைந்தவருடைய சட்டப்படியான வாரிசுகளின் இசைவு கேட்கப்படும்.

‘அன்லெஸ்’ என்னும் சொல்லில் எதிர்மறை ஏற்கெனவே அடங்கியுள்ளது. ‘நீங்கள் கையொப்பமிடாவிட்டால்’ என்று தமிழில் எண்ணி, ‘அன்லெஸ் யூ டு நாட் சைன்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘அன்லெஸ் யூ சைன்’ என்பதே போதும். ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ சேர்ப்பதும் நம்மவரிடம் மிகுதி. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டா.

காசோலையில் பெறுநர் பெயரை அடுத்து ‘ஆர் பேரர்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கோடிடாத காசோலையில் அதனை அடிக்காது விட்டால், கொண்டுவருபவர் எவராயினும் பணம் பெறலாம். ‘பேரர்’ என்பதை அடித்துவிட்டால், பெயர் குறிக்கப்பட்டவருக்கோ அவர் மேலெழுதிக் கொடுத்தவருக்கோ மட்டுமே பணம் உரியதாகும்.